புரட்டாசியிலேயே பீரோவைத் திறந்துவிடுங்கள்: கேள்வி பதில்

புதுச்சேரியில் பட்டுப்புடவைக்கு ரோலிங், பாலிஷ் போடும் கடையை 19 வருடமாக நடத்துகிறேன். ஒவ்வொரு தை மாதமும் பூஞ்சை பிடித்த புடவை, ஜரிகை கறுத்த புடவை என்று கட்டுக்கட்டாக வரும். பெரும்பாலானவை உடுத்திக் கெட்டவை அல்ல, பீரோவுக்குள் இருந்தே கெட்டவை. பார்க்கவே மனசு கஷ்டப்படும். அதனால், பீரோவில் துணியைப் பாதுகாப்பது பற்றி புதுச்சேரி, கடலூர் பக்கமிருந்து நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லிவிடுகிறேன்.

லாஸ்பேட்டை: அக்கா, இரண்டு பீரோ, ஒரு சுவர் அலமாரி இருந்தும் துணி வைக்க இடமில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

எல்லாவற்றையும் இழுத்துக் கட்டிலில் கொட்டாதீர்கள். ராத்திரி படுக்க இடம் வேண்டுமே என்று அத்தனையையும் திரும்ப உள்ளே திணித்துவிடுவோம். ஒரு நாளைக்கு ஒரு தட்டு போதும். போன தீபாவளியிலிருந்து ஒரு தடவைகூட உடுத்தாததைத் தனியே எடுங்கள். விசேஷத்துக்கான பட்டு இந்தக் கணக்கில் வராது. 'இளைத்தால் போட்டுக்கொள்ளலாம்' என்று வைத்திருக்கும் சுடிதார் கண்டிப்பாக வரும். கொக்கி போன ரவிக்கை, ஃபால்ஸ் பிரிந்த புடவை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அந்த வாரமே தையல்காரரிடம் கொடுங்கள். மறுபடி அடுக்கும்போது அடுக்குக்கும் மேல் தட்டுக்கும் நடுவே கை தாராளமாக நுழைய வேண்டும். நுழையாவிட்டால் இன்னும் குறைக்க வேண்டும். அந்த இடைவெளி காற்றுக்கானது.

திருப்பாதிரிப்புலியூர்: போகிக்கு வீட்டை ஒழிப்போமே, பீரோவையும் அப்போது பார்த்தால் போதாதா?

நம் கடலோரத்துக்கு அது மூன்று மாதம் தாமதம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை கொட்டித் தீர்த்து, பூஞ்சை தன் வேலையை முடித்த பிறகுதான் போகி வருகிறது. புரட்டாசி வெயில் இருக்கும்போதே ஒழித்துவிடுங்கள். கழித்த துணியைப் போகியில் எரிக்கவும் வேண்டாம். பாலியஸ்டர் புகை குழந்தைகளுக்கு ஆகவே ஆகாது.

மஞ்சக்குப்பம்: மழை நாளில் பீரோவைத் திறந்தாலே பூசண வாடை அடிக்கிறது. பட்டுப்புடவைகளை பாலிதீன் கவரில்தான் வைத்திருக்கிறேன். பிறகும் ஏன்?

அந்தக் கவர்தான் முதல் காரணம். காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நம் ஊரில் மழை மாதங்களில் பெரும்பாலும் அதற்கு மேல்தான் இருக்கும். கவரை மூடும்போதே அந்த ஈரத்தையும் சேர்த்து மூடிவிடுகிறோம். அசல் ஜரிகையில் வெள்ளி இருக்கிறது, ஈரம் அடைந்து கிடந்தால் சீக்கிரம் கறுத்துப்போகும். பழைய, நன்றாகத் துவைத்த வெள்ளை வேட்டியில் சுற்றி வையுங்கள், அதைவிட நல்ல உறை கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து நிழலில் உதறி, பழைய மடிப்பை மாற்றி மடியுங்கள். மடிப்பு ஒரே இடத்தில் விழுந்தால் அங்கேதான் பட்டு இற்றுப்போகும்.

அப்புறம், பீரோ சுவரை ஒட்டியா நிற்கிறது? நான்கு விரல் தள்ளி வையுங்கள். மழையில் ஓதம் ஏறும் சுவர் என்றால் வேறு சுவருக்கே மாற்றுங்கள். இஸ்திரி போட்ட சூட்டோடு துணியை அடுக்கக் கூடாது. அந்த ஆவி உள்ளே அடங்கி ஈரமாகும், ஒரு மணி நேரம் ஆறட்டும். செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் தட்டுக்கு நாலாகப் போடுங்கள். ஈரம் இழுத்துத் தண்ணீர் சேரும் டப்பாவும் கடையில் கிடைக்கும். அதைக் கீழ்த்தட்டில் மட்டும் வையுங்கள், அந்தத் தண்ணீர் பட்டில் கொட்டினால் கறைதான். ஏற்கெனவே பூஞ்சை இருந்தால் அறைக்குள் தட்டாதீர்கள். மாடிக்குக் கொண்டுபோய் மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டு நிழலில் காயவையுங்கள்.

வில்லியனூர்: கைக்குழந்தை துணி இருக்கும் தட்டில் அந்துருண்டை போடலாமா?

வேண்டவே வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் ஏறிய துணியாலேயே ரத்தச் சிவப்பணு உடைந்து காமாலை வரலாம். நம் குழந்தைக்கு அந்தக் குறை உண்டா என்பது முன்கூட்டித் தெரியாது. காய்ந்த வேப்பிலை, வசம்புத் துண்டு, கிராம்பு இவற்றைத் துணியில் முடிந்து வையுங்கள். பட்டுக்கும் இதுவே போதும்.

அரியாங்குப்பம்: வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டைகளில் சின்னச் சின்ன ஓட்டை. எலியா?

இராமபாணப் பூச்சி. அதற்குக் கஞ்சி பிடிக்கும். எடுத்து வைக்கும் துணிக்குக் கஞ்சி போடாதீர்கள், உடுத்துகிற வாரம் போட்டால் போதும்.

முத்தியால்பேட்டை: அம்மா போய் இரண்டு வருடம். அவர் புடவைகள் ஒரு தட்டு முழுக்க இருக்கின்றன. கொடுக்கவும் மனமில்லை, பார்க்கவும் முடியவில்லை.

அவசரமே இல்லை, தங்கச்சி. எத்தனை வருடம் ஆனாலும் வைத்திருக்கலாம். ஆனால் கட்டி மூடி வைக்காதீர்கள். பத்து வருடம் பிரிக்காத கூறைப்புடவை ஒன்று என் கடை மேசையில் மடிப்பு மடிப்பாகக் கிழிந்தது. கொண்டுவந்த மகள் அழுத அழுகை இன்னும் கண்ணில் நிற்கிறது. வருடத்துக்கு இரண்டு தடவையாவது எடுத்து உதறுங்கள், தனியாக முடியாவிட்டால் சித்தியையோ அத்தையையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படி உட்கார்ந்து பேசும்போது 'இதை நான் கட்டிக்கட்டுமா' என்று அவர்களே ஒன்றைக் கேட்பார்கள். கொடுக்கத் தோன்றினால் கொடுங்கள். நைந்த நூல் புடவைகள் வீட்டில் பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தூளியாகும். தெருவில் பழைய பட்டு கேட்டு வருபவரிடம் மட்டும் சட்டென்று போட்டுவிடாதீர்கள், ஜரிகையிலுள்ள வெள்ளிக்கு மதிப்பு உண்டு.

தேவனாம்பட்டினம்: கீழ்த்தட்டில் எதை வைப்பது?

நனைந்தாலும் பரவாயில்லை என்பதை. 2011 டிசம்பர் 30 தானே புயலையும், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மழையையும் பார்த்தவர்கள் நாம். பத்திரம், சர்டிபிகேட் எல்லாம் மேல் தட்டில், ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கட்டும். பட்டும் மேலே. கூரை ஒழுகும் வீடானால் நடுத்தட்டு. பீரோவின் காலுக்குக் கட்டை கொடுத்து உயர்த்துங்கள்.

லாஸ்பேட்டை, இன்னொருவர்: மர அலமாரிக் கதவு மழைக்கு ஊதி மூட மாட்டேன் என்கிறது. இழைத்துவிடலாமா?

இப்போது இழைக்காதீர்கள். மாசி வரை பொறுங்கள், காய்ந்ததும் தானாகச் சுருங்கும். இப்போது இழைத்தால் வெயில் காலத்தில் சந்து விழுந்து பல்லி உள்ளே போகும். அப்போதும் மூடாவிட்டால் தச்சரைக் கூப்பிடுங்கள்.