மக்ரொன் என்பது குறி, மக்ரோன் என்பது ஆள்

கேள்வி: கிரேக்கக் கலை வரலாற்று நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். நெடிலைக் காட்ட ரோமன் எழுத்தின் தலைமேல் இடும் கோட்டுக்கும், ஏதென்ஸ் நகர மட்பாண்ட ஓவியர் ஒருவருக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர் வருகிறது. குறிக்கு அவர் பெயரைத்தான் இட்டார்களா? தமிழில் எப்படி எழுதுவது?

பதில்: அவர் பெயரை இடவில்லை. 'நீண்ட' என்று பொருள்படும் மக்ரொஸ் என்னும் கிரேக்கச் சொல்லே இரண்டுக்கும் வேர். அச்சொல்லின் அஃறிணை வடிவம் குறிக்குப் பெயராயிற்று. அதில் இறுதி உயிர் குறில் ஒகரம். ஆள்பெயரில் அதே இடத்தில் நெடில் ஓகாரம் நிற்கிறது. ஆங்கில எழுத்துக்கூட்டல் மறைத்துவிடும் இந்த வேறுபாட்டைத் தமிழ் எழுத்தே காட்டிவிடும் என்பதால், குறியை மக்ரொன் என்றும் ஓவியரை மக்ரோன் என்றும் எழுதுங்கள். ஒற்றைக் கொம்பை அச்சுப் பிழையென்று எவரும் திருத்திவிடாதிருக்க, குறியை முதலில் ஒருமுறை பெயர் சொல்லி அறிமுகப்படுத்திவிட்டு, பிறகு நெடிற்கோடு என்றே வழங்குவது நல்லது.

உங்கள் ஓவியர் கி.மு. 490–480 அளவில், ஹியெரோன் என்னும் குயவருடன் சேர்ந்து பணியாற்றியவர். ஹெலனைக் கவர்ந்து செல்லும் காட்சியைத் தீட்டிய கோப்பை ஒன்றில் 'மக்ரோன் வரைந்தான்' என்று கையொப்பமிட்டிருக்கிறார். அது இன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. அந்தக் கையொப்பத்தில் நெடில் ஓகாரத்துக்குரிய கிரேக்க எழுத்தான ஒமெகா இல்லை. அக்காலத்து ஏதென்ஸ் எழுத்தில் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே வட்டம்தான், கி.மு. 403க்குப் பிறகே அங்கு ஒமெகா முறைப்படி வழக்குக்கு வந்தது. எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிடத் தொல்காப்பியம் விதித்தும், புள்ளியில்லாமலே எழுதப்பட்ட நம் ஓலைச்சுவடிகளையும், அந்தக் குழப்பத்தைத் தீர்க்க 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த எழுத்துச் சீர்திருத்தத்தையும் எண்ணிப்பார்த்தால், அந்த வட்டத்தை எப்படி வாசிக்க வேண்டும் என்பது தமிழருக்குச் சட்டென்று விளங்கும்.

இதே பெயருடைய மற்றவர்களும் உங்கள் நூலில் வரலாம். சைப்பிரஸின் ஆளுநராயிருந்து, சிரியாவை ஆண்ட நான்காம் அந்தியோக்கஸ் மன்னனின் பக்கம் சாய்ந்த தாலமி, 'மக்ரோன்' என்ற அடைபெயரால் அறியப்பட்டவர். யூதர்களிடம் நீதியோடு நடக்க முயன்றதாகவும், பின்னர் குற்றஞ்சாட்டப்பட்டு நஞ்சுண்டு இறந்ததாகவும் கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள மக்கபேயர் இரண்டாம் நூல் கூறுகிறது. பேரரசர் திபேரியஸின் வலக்கையாயிருந்த செஜானஸை கி.பி. 31இல் வீழ்த்திய ரோமானியக் காவற்படைத் தலைவரின் பெயரோ இலத்தீனில் னகரம் இல்லாமல் முடிவதால், அவரை மக்ரோ என்றே எழுத வேண்டும்.

பிற்சேர்க்கையில் தமிழ்ப் பெயர்களை ரோமன் எழுத்தில் தரும்போது ஓர் எச்சரிக்கை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் முறையில் மேற்கோடு நெடிலைக் குறிக்கும். ழ, ற, ன ஆகியவற்றுக்கு இடப்படும் கீழ்க்கோட்டுக்கும் நீளத்துக்கும் தொடர்பில்லை. எழுத்துரு மாற்றும்போது இந்தக் கோடுகள் உதிர்ந்துபோவதுண்டு. ஆகவே அச்சுக்கு அனுப்பும் கடைசிப் படியில் ஒவ்வொரு பெயரையும் மறுபடி பாருங்கள்.