எண்ணூர் பக்கம் கடலோர மனை: சி.ஆர்.இசட். என்றால் வீடு கட்டவே முடியாதா?

கேள்வி: எண்ணூர் அருகே அப்பா வாங்கிய மனை சி.ஆர்.இசட். என்னும் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருவதால் வீடு கட்ட முடியாது என்கிறார்கள். சொந்த நிலத்துக்குத் தடை போடும் இந்தச் சுற்றுச்சூழல் விதிகள் யாருக்காக?

உங்கள் அப்பாவிடம் கிரயப் பத்திரமும் பட்டாவும் இருக்கும், வில்லங்கச் சான்றும் சுத்தமாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். நிலம் யாருடையது என்பதற்குத்தான் அவை சாட்சி. அதில் என்ன கட்டலாம் என்பதை அறிய, சி.எம்.டி.ஏ. எனப்படும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாம் முழுமைத் திட்டத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கு என்ன நில வகைப்பாடு கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்; கடலோரம் என்பதால் கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தையும் பார்க்க வேண்டும். மணலிப் பக்கம் தொழிற்சாலைப் பகுதி என்று குறிக்கப்பட்ட இடத்தில் மனை வாங்கிவிட்டு, பட்டாவைக் காட்டி வீட்டு அனுமதி கேட்டு அலைந்தவர்களை நான் அறிவேன்.

அதற்கு முன், "முடியாது" என்று உங்களிடம் சொன்னது யார்? எனக்குச் சொன்னவர் ஒரு தரகர். திருவொற்றியூர் கடலோரத்தில் அம்மா பெயரில் உள்ள ஓட்டு வீட்டை இடித்துக் கட்ட நினைத்தபோது, "ஏம்மா, இது சி.ஆர்.இசட். ஏரியா, ஒரு செங்கல் வைக்க விடமாட்டான், நானே பார்ட்டி பிடிச்சுத் தர்றேன்" என்றார். அவர் சொன்ன விலை அடுத்த தெரு விலையில் பாதி. அலுவலகத்திலும் வாய்மொழியாக அதே பதில்தான் கிடைத்தது. பிறகு ஒரு பொறியாளர் எங்கள் சர்வே எண்ணின் புலப்பட நகலைக் கடலோர வரைபடத்தோடு பொருத்திக் காட்டினார். அலை ஏறும் உச்ச எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள், அதாவது சி.ஆர்.இசட்.டுக்குள்தான் வீடு இருந்தது, ஆனால் அதன் இரண்டாம் வகையில். ஏற்கெனவே நகரமாகிவிட்ட அந்த வகையில், முன்பே இருந்த சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப் பக்கமாக அமைந்த மனையில், ஊரின் கட்டட விதிகளுக்கு உட்பட்டு வீடு கட்டலாம். எங்கள் வீடு சாலைக்கு மேற்கே, அனுமதி கிடைத்தது. அதே சாலைக்குக் கிழக்கே மனை வைத்திருந்த பெரியப்பாவுக்குக் கிடைக்கவில்லை. நான் பணம் கொடுத்துக் காரியம் சாதித்ததாக அவர் இன்றும் சொல்லிவருகிறார். இங்கேயும் யாராவது அப்படி எழுதக்கூடும் என்பதால் சொல்கிறேன், கட்டிய கட்டணங்களுக்கெல்லாம் ரசீது என்னிடம் இருக்கிறது.

உங்கள் மனை கடலை ஒட்டி இல்லாமல் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தை ஒட்டி இருந்தால் கணக்கு வேறு. அலை ஏறி இறங்கும் நீர்நிலைக் கரையில் மத்திய அரசின் 2011 சி.ஆர்.இசட். அறிவிக்கை 100 மீட்டர் அல்லது நீர்நிலையின் அகலம், இவற்றில் எது குறைவோ அதைக் கட்டுப்பாட்டு எல்லையாக வைத்தது. 2019 அறிவிக்கை அந்த 100 மீட்டரை 50 ஆக்கியது. எந்த அறிவிக்கையின்கீழ் ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் காட்டிப் பேசுகிறார்கள் என்று கேளுங்கள்.

யாருக்காக இந்த விதி என்று கேட்டிருக்கிறீர்கள். துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் வடக்கே நகரும் மணலை மறித்ததால் தெற்கே மெரினா அகலமானது, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை அரிக்கப்பட்டது. எங்கள் பக்கத்தில் பத்திரம் பெட்டியில் இருக்க, நிலம் கடலுக்குள் போன குடும்பங்கள் உண்டு. பெரியப்பாவின் மனைக்கு முன்னால் இப்போது கருங்கற்கள்தான் கிடக்கின்றன. மழைக்காலத்தில் அலை அவற்றின் மேலேறித் தெருவில் மணலைக் கொட்டிவிட்டுப் போகிறது. அங்கே வீடு கட்ட விடாததை நான் குறை சொல்ல மாட்டேன்.

என் கோபம் வேறு இடத்தில். 1996இல் ஒப்புதல் பெற்ற கடலோர வரைபடத்தில் இருந்த எண்ணூர் கழிமுகம், 2017இல் தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் வெளிவந்த இன்னொரு வரைபடத்தில் காணாமல் போயிருந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலி ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய்க் கழிவு கழிமுகம் வரை பரவி, படகுகளிலும் வீட்டுச் சுவர்களிலும் கறுப்பாகப் படிந்தது. நான் ஆலைகளுக்கு எதிரி அல்ல. என் தம்பியே ஓர் ஆலையில்தான் வேலை செய்கிறான். ஆனால் இரண்டு சென்ட் மனைக்காரரிடம் அங்குலக் கணக்குப் பார்க்கும் அரசு, கழிமுகத்தில் அனல் மின் நிலையச் சாம்பலைக் கொட்டியவர்களிடம் அதே கறாரைக் காட்டியிருந்தால், இங்கே நிலத்தின் மதிப்பு தரகர் சொல்லும் பாதி விலைக்கு இறங்கியிருக்காது.

ஆகவே மனையை விற்றுவிடாதீர்கள். முறையாக விண்ணப்பியுங்கள், மறுத்தால் சர்வே எண், மண்டல வகை, எந்த விதியின்படி மறுப்பு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழி மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வழியில்லை.