லோன் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 29. ஒரகடத்தில் வேலை. கைக்கு வரும் சம்பளம் 78,000 ரூபாய். வீட்டுச் செலவு 35,000, கார் லோன் இஎம்ஐ 15,000 (இன்னும் மூன்று வருடம் பாக்கி), எஸ்ஐபி 10,000. எஃப்.டி.யில் 3 லட்சம் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் டைம் அட்டாக் (தனியாக ஓட்டி, ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தைக் குறைக்கும் போட்டி) ஓட்ட ஆசை. எஃப்.டி.யை உடைத்து, கூடவே 2 லட்சம் பர்சனல் லோன் போட்டு, என் காருக்கே சஸ்பென்ஷன், டயர், எக்ஸாஸ்ட் மாற்றலாமா?

பதில்: தாராளமாக ஓட்டுங்கள். ஆனால் இந்தக் காரும் வேண்டாம், இந்தப் பணமும் வேண்டாம்.

முதலில் உங்கள் கார் பாலிசியை எடுத்து, 'பயன்பாட்டு வரம்புகள்' என்ற பகுதியைப் படியுங்கள். வாடகைக்கு ஓட்டுவது, சரக்கு ஏற்றுவது ஆகியவற்றோடு, ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்கும் கவரேஜ் கிடையாது என்று இருக்கும். "நான் யாரோடும் மோதி ஓட்டவில்லை, கடிகாரத்தோடு மட்டும்தான் போட்டி" என்று வாதாட முடியாது. டைம் அட்டாக்கே வேகச் சோதனைதான். பம்பர் டு பம்பர் (தேய்மானம் கழிக்காமல் தரும் கவர்) போட்டிருந்தாலும் இதே கதைதான். ஒரு வளைவில் பிரேக்கைத் தாமதமாகப் பிடித்து, சரளைக் கல்லில் இறங்கித் தடுப்பில் மோதினால் கார் போய்விடும், இஎம்ஐ மட்டும் மூன்று வருடம் வந்துகொண்டே இருக்கும். நுழையும்போது கையெழுத்து வாங்குகிற பொறுப்புத்துறப்புப் படிவத்தில், தடுப்புச் சேதத்துக்கும் நீங்களே பணம் கட்ட வேண்டும் என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆகவே இந்த விளையாட்டின் பட்ஜெட் நுழைவுக் கட்டணத்தோடு முடிவதில்லை. நாளைக்கே காயலான் கடைக்குப் போனாலும் வீட்டு நிலைமை மாறாத கார் எதுவோ, அதுதான் டிராக் கார்.

உங்கள் 3 லட்சத்தைப் பாருங்கள். வீட்டுச் செலவும் இஎம்ஐயும் சேர்த்து மாதம் 50,000; ஆறு மாதத்துக்குச் சரியாக 3 லட்சம். அது உங்கள் அவசர நிதி, அதைத் தொடாதீர்கள். பர்சனல் லோன் 14 சதவீத வட்டியில், மூன்று வருடத்துக்கு என்றால் மாதம் சுமார் 6,800 ரூபாய். வட்டி மட்டும் 46,000 ரூபாய். அதே 6,800-ஐ மாதாமாதம் ஒரு ஆர்.டி.யில் போட்டால் வருடக் கடைசியில் 80,000 ரூபாய்க்கு மேல் கையில் நிற்கும். எல்லாச் செலவும் எஸ்ஐபியும் போக உங்களிடம் 18,000 மிஞ்சுகிறது, எனவே இது முடிகிற காரியம்தான்.

அந்த ஆர்.டி. பணத்தில், டிராக்கிலேயே காரும் பயிற்சியும் சேர்த்துத் தருகிற ரேசிங் பள்ளிகளில் தொடங்குங்கள். இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் இப்படி நடக்கிறது. (அந்த ஸ்பீட்வேயின் பெயருக்குக் காரணமான ரேஸ் வீரர் கரிவரதன், மாருதி 800 இன்ஜினை வைத்தே ஃபார்முலா கார் கட்டியவர். குறைந்த செலவில் தொடங்குவது இந்த ஊருக்குப் புதிதல்ல.) கார் சேதமானால் உங்கள் பங்கு எவ்வளவு என்று மட்டும் முதலிலேயே எழுத்தில் கேட்டுவிடுங்கள். எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு) அங்கீகாரம் பெற்ற போட்டிக்கு அவர்களின் லைசென்ஸ் தேவை. அதையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

பிறகு சொந்தமாக ஒரு பழைய ஹேட்ச்பேக் வாங்கினால் சஸ்பென்ஷன், எக்ஸாஸ்ட் பக்கமே போகாதீர்கள். சாலையில் ஓடும் காரில் இஷ்டத்துக்கு மாற்றம் செய்வதை மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தடுக்கிறது. புதியவருக்குச் சுற்று நேரம் குறைவது ஓட்டப் பழகுவதால்தான். பணம் போக வேண்டிய இடம் பிரேக். ஈரம் ஏறிய பழைய பிரேக் ஆயில் சூட்டில் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி இறங்கும். புது ஆயில், நல்ல பிரேக் பேட், அவ்வளவு போதும். அப்புறம் டயர்: முன்சக்கர டிரைவ் காரில் முன் டயரின் வெளி ஓரம்தான் முதலில் வழுக்கையாகும், அதற்குத் தனியாக ஒதுக்குங்கள்.

டேர்ம் பாலிசி எடுக்கும்போது இந்தப் பொழுதுபோக்கை மறைக்காதீர்கள். பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. ஹெல்த் பாலிசிகளின் பொதுவான விலக்கு, மோட்டார் பந்தயத்தில் தொழில்முறையாகப் பங்கேற்பவர்களைத்தான் சொல்கிறது. தனிநபர் விபத்து பாலிசியின் விதிகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இரண்டு கம்பெனிகளுக்கும் மெயில் அனுப்பி, வருகிற பதிலைப் பத்திரப்படுத்துங்கள். ஹெல்மெட்டை மட்டும் செகண்ட் ஹேண்டில் வாங்க வேண்டாம்.