மேல் அளவு ஏறுகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது

கேள்வி: என் அம்மாவுக்கு 70 வயது. டெல்மிசார்டான் 40 மி.கி. தினமும் சாப்பிட்டும் பி.பி. 166/70 காட்டுகிறது. ஆனால் காலையில் எழுந்ததும் தலை சுற்றுகிறது. இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுகிறார். மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம். முதலில் நின்ற நிலையில் பி.பி. பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நின்ற முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மறுபடி. பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், தலைசுற்றலுக்கு அதுதான் காரணமாக இருக்கக்கூடும்.

மேல் அளவு மட்டும் ஏறுவது பெருந்தமனி விறைத்துப்போவதால். அதற்கு மேல் ஹார்மோன்களும் சேர்கின்றன. சிறுநீரகத்தில் சுரக்கும் ரெனின் வயதாக ஆகக் குறையும். அதன் கட்டளையில் சுரக்கும், உப்பைப் பிடித்துவைக்கும் ஹார்மோனான ஆல்டோஸ்டிரோன் அதே அளவுக்குக் குறைவதில்லை. எனவே உடல் உப்பைப் பிடித்துவைக்கிறது. சாப்பிடும் உப்பு இளைஞரைவிட முதியவரின் பி.பி.யைக் கூடுதலாக ஏற்றும். ரெனின் வழியைத் தடுக்கும் டெல்மிசார்டான் மட்டும் பல முதியவர்களுக்குப் போதாமல், ரத்தக்குழாயைத் தளர்த்தும் அம்லோடிபின் மாத்திரையைச் சேர்ப்பது இதனால்தான். அதைச் சேர்த்த பிறகு கால் வீங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது அம்லோடிபினின் வேலையாக இருக்கலாம்.

எழுந்து நிற்கும்போது கதை வேறு. ரத்தம் காலுக்கு இறங்கியதும் இதயம் வேகமாகத் துடித்து ஈடுகட்ட வேண்டும். இதயத்தை முடுக்கும் நார்அட்ரினலின் ஹார்மோன் ரத்தத்தில் இளமையைவிட அதிகமாகவே இருக்கும், ஆனால் இதயம் அதற்கு மந்தமாகத்தான் செவிசாய்க்கும். இரவில் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரசின் போதிய அளவு கூடாததும் இரவில் பலமுறை எழுவதற்கு ஒரு காரணம். சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். தாகமும் குறைந்துவிடும் வயது. தண்ணீரை நினைவூட்டிக் கொடுங்கள். இதய, சிறுநீரக நோய் இருந்தால் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விழித்ததும் கட்டிலின் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் அசைத்துவிட்டு எழட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் சேர்த்து நாளுக்கு 5 கிராம் உப்பு, அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். இந்துப்புக்கு மாறுவதில் பயனில்லை, அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். ‘சோடியம் குறைந்த’ உப்பு இன்னும் கவனிக்க வேண்டியது: அதில் பொட்டாசியம் இருக்கும், டெல்மிசார்டானும் பொட்டாசியத்தை ஏற்றும்.

மூட்டுவலிக்கு டைக்லோஃபெனாக், இபுப்ரோஃபென் வாங்கிப் போடுகிறாரா? அவை பி.பி.யை ஏற்றி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் அன்றைக்கே மருத்துவரைக் கேளுங்கள். டெல்மிசார்டானைச் சில நாள் நிறுத்தச் சொல்லக்கூடும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது படுத்த, நின்ற பி.பி. அளவுகளோடு சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டுவது) ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் எடுத்துச்செல்லுங்கள். மயங்கி விழுந்தாலோ, நெஞ்சுவலி, பேச்சுக் குழறல் வந்தாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.