நொட்டிங்காமிலை அண்ணாவை ஏன் 'நெஷ்' எண்டு கூப்பிடுகினம்?

கேள்வி: ஐயா, என்ரை அண்ணா இங்கிலாந்திலை நொட்டிங்காமிலை வேலை செய்யிறார். வேலைத்தலத்திலை ஜக்கெட்டைக் கழட்டாமல் நிக்கிறதைப் பாத்து கூட நிக்கிற வெள்ளையள் அவரை 'நெஷ்' எண்டு கூப்பிடுகினமாம். இது தூசணமோ?
– வாசகி, மாங்குளம்

பதில்: தூசணம் இல்லைத் தங்கச்சி. கூதல் தாங்காத ஆள் எண்டுதான் அர்த்தம். பகிடிதான், ஆனா கொஞ்சம் குத்துற பகிடி, "ஆம்பிளை, இதைக்கூடத் தாங்கமாட்டியோ" எண்ட தொனி அதுக்குள்ளை கிடக்கு. தை மாசம் விடியக்காலமை முறிகண்டியிலை பஸ்ஸாலை இறங்கி கச்சான் வாங்க நிக்கிற ஆக்களைப் பாருங்கோ, துவாயாலை தலையையும் காதையும் சேத்துக் கட்டிக்கொண்டு நிப்பினம், அந்தக் கணக்கிலை முழு வன்னியுமே நெஷ்தான்.

சொல் சரியான பழசு. ஆயிரம் வருசத்துக்கு முந்தின ஆங்கிலத்திலை 'ஹ்னெஷெ' எண்டு இருந்தது, மெத்தெண்டது எண்டு கருத்து, முன்னாலை நிண்ட 'ஹ்' பிறகு விழுந்துபோச்சு ('நட்' எண்டுற கொட்டையும் அப்ப 'ஹ்னுட்டு'தான்). கோதிக் எண்டொரு செத்துப்போன மொழியிலையும் இதுக்குச் சொந்தக்காரச் சொல் இருக்கு, நாலாம் நூற்றாண்டிலை மொழிபெயர்த்த கோதிக் பைபிளிலை, யோவானைப் பற்றி யேசு "மெல்லிய உடுப்புப் போட்ட மனுசனையோ பாக்கப் போனியள்" எண்டு கேக்கிற இடத்திலை வாற 'மெல்லிய' எண்டது 'ஹ்னஸ்குஸ்' எண்ட சொல்லுத்தான். மெத்தெண்டது நாள்போக்கிலை வலுவில்லாதது ஆகி, கடைசியிலை கூதல் தாங்காததிலை வந்து நிக்குது. இதை நடு இங்கிலாந்திலையும் வடக்கிலையும்தான் கூடக் கதைக்கிறவை, லண்டனிலை சொன்னா கனபேர் முழிப்பினம்.

அதுக்காக இது படிக்காத சனத்தின்ரை பிழை இங்கிலிஸ் எண்டு அண்ணா நினைக்கக்கூடாது. இப்பிடியான ஊர்ச் சொல்லுகளைச் சேத்து ஆறு தொகுதியா 1898இலையிருந்து 1905 வரைக்கும் அகராதி போட்டவர் ஜோசப் ரைட், 1855இலை பிரட்ஃபோர்ட் பக்கத்திலை பிறந்தவர், ஆறு வயசிலை கல்லுக்குழியிலை கழுதை வண்டில் ஓட்டி, ஏழு வயசிலை மில்லுக்குப் போய் நூல்கட்டை மாத்தி, பதினைஞ்சு வயசு மட்டிலைதான் வாசிக்கவே பழகின மனுசன், பிறகு ஒக்ஸ்ஃபோர்டிலை பேராசிரியரா இருந்தவர். 'நெஷ்' நாலாவது தொகுதியிலை கிடக்கு, பழைய புத்தகம் எண்டதாலை இணையத்திலை காசில்லாமலே வாசிக்கலாம்.