நிலைப்படை என்றால் என்ன? அரசியலில் அதற்கு ஏன் இவ்வளவு செல்வாக்கு?

போர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கலைக்கப்படாமல், சம்பளம் வாங்கிக்கொண்டு முழுநேரமும் இருக்கும் படைதான் நிலைப்படை. போர் வந்தால் ஆள் திரட்டி, முடிந்ததும் ஊருக்கு அனுப்பிவிடுவது பழைய முறை.

திருடன் வந்தால் தெருவே கம்போடு ஓடிவருவது ஒரு வகைக் காவல். மாதச் சம்பளத்துக்குக் காவலாளி வைப்பது இன்னொரு வகை. இரண்டாவதில் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் திருடனே வராத மாதத்திலும் சம்பளம் தர வேண்டும். அதற்கு வரி வேண்டும், வரி வசூலிக்க அதிகாரிகள் வேண்டும். இப்படித்தான் படையோடு சேர்ந்து அரசு இயந்திரமும் பெருத்தது. போதாததற்கு, சாவியும் காவலாளியிடம்தான்!

துருக்கியை மையமாகக் கொண்ட உதுமானியப் பேரரசில் சுல்தானின் நிலைப்படையாக இருந்த ஜானிசரிப் படையைப் பாருங்கள். அவர்கள் சோற்றுக் கொப்பரையைக் கவிழ்த்தால் கலகம் என்று பொருள். 1622இல் சுல்தான் இரண்டாம் உஸ்மானைப் பதவியிலிருந்து இறக்கிக் கொன்றதும் அவர்களே. 1826இல்தான் அந்தப் படை ஒழிக்கப்பட்டது.

நிலைப்படை மீதான அச்சத்தால்தான் இங்கிலாந்தின் 1689 உரிமைச் சட்டம், நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் அமைதிக் காலத்தில் படை வைத்திருக்க மன்னருக்குத் தடை விதித்தது. அமெரிக்க அரசியல் சட்டமோ தரைப்படைக்கு ஒரே தடவையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பணம் ஒதுக்க விடுவதில்லை. பணப்பையை வேறொருவர் கையில் கொடுத்தது, என் பார்வையில், சாமர்த்தியமான ஏற்பாடு.

ராணுவம் இல்லாத நாட்டில் காவலே இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1948இல் ராணுவத்தை ஒழித்த மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிக்காவில் காவல்துறைதான் இன்றும் எல்லையைப் பார்த்துக்கொள்கிறது.