புயலடித்த பின் அமெரிக்க மாநிலங்கள் டி-ஸ்நாப் தொடங்க என்னென்ன காகிதம் வேண்டும்?

"புயல் போன மறுநாளே மாநில அரசு உணவு உதவியைத் தொடங்க முடியாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. டி-ஸ்நாப் என்கிற பேரிடர் உணவு உதவிக்கான பணம் ஒன்றிய அரசுடையது. அமெரிக்க அதிபர் பேரிடர் அறிவித்து, அதில் பாதிக்கப்பட்ட மக்களுக்கு நேரடியாகப் போகும் தனிநபர் உதவியும் சேர்ந்திருந்தால்தான் மாநிலம் விண்ணப்பிக்கவே முடியும்.

அந்த விண்ணப்பம் போவது வேளாண் துறையின் கீழுள்ள உணவு, ஊட்டச்சத்துச் சேவை அமைப்புக்கு. எந்தெந்த கவுன்ட்டிகள் (நம்மூர் மாவட்டம் மாதிரி), எந்தத் தேதிகள், எத்தனை குடும்பங்கள் வரக்கூடும், விண்ணப்பம் வாங்கும் முகாம் எங்கே, ஆட்கள் எத்தனை பேர், மோசடியை எப்படித் தடுப்பீர்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கரண்ட் இல்லாத ஊரில் உட்கார்ந்து இதை முதலிலிருந்து எழுதுவது நடக்கிற காரியமா? அதனால்தான் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15க்குள் பேரிடர்த் திட்டத்தைப் புதுப்பித்து அனுப்பச் சொல்கிறார்கள். அதைச் சரியாகச் செய்த மாநிலத்துக்குக் கடைசி நேரத்தில் பாதி வேலை குறைந்துவிடும்.

மக்கள் பக்கம் காகிதம் குறைவு. அடையாளச் சான்று கட்டாயம். வருமானம், சேதம் பற்றிப் பெரும்பாலும் அவர்கள் வாய்மொழியே போதும். அப்படித் தளர்த்தியதற்கு விலை பின்னால் வருகிறது: தினசரி எண்ணிக்கை அறிக்கை, உதவி முடிந்து 45 நாட்களுக்குள் கொடுத்த உதவிக்குக் கணக்குக் காட்டும் 292பி படிவம், அப்புறம் மாதிரிக்கு எடுத்த விண்ணப்பங்களின் மறுஆய்வு. உதவியை வழங்கும் மாநில அலுவலக ஊழியர்களே விண்ணப்பித்திருந்தால் மாதிரியெல்லாம் கிடையாது, ஒன்று விடாமல் பார்ப்பார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.